குயில், காக்கை, 'ஓசிச் சோறு': செஞ்சியை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

வைகாசி கடைசி வாரம். செஞ்சி பேருந்து நிலையத்துக்கு வெளியே ஒரு வேப்பமரம். அதன் கீழ்க்கிளையில் ஒரு பறவைக் குஞ்சு வாயைப் பிளந்து கத்திக்கொண்டிருந்தது. உடம்பெல்லாம் புள்ளியும் வரியும். காக்கை ஒன்று குப்பையிலிருந்து எதையோ கொத்திக்கொண்டு வந்து அதன் தொண்டைக்குள் திணித்துவிட்டு மறுபடியும் பறந்தது. ஐந்து நிமிடத்தில் மூன்று முறை. பஸ்ஸுக்கு நின்ற இரண்டு பேர் இதைப் பார்த்துப் பேசிக்கொண்டார்கள்.

"குயில் குஞ்சுப்பா அது. காக்காவுக்குத் தெரியல. ஏமாந்த ஜென்மம்."

"ஒழைக்கிறது ஒண்ணு, ஒக்காந்து துன்றது ஒண்ணு. ஒலகமே அப்படித்தான."

அந்த நேரத்தில் டவுன் பஸ் வந்து நின்றது. களையெடுப்பு முடிந்து ஊர் திரும்பும் பெண்கள் ஏழெட்டுப் பேர், தூக்குவாளியும் களைக்கொத்துமாக ஏறினார்கள். முதலில் பேசியவர் சிரித்தார்: "தோ, குயிலுங்க ஏறுது பாரு. எல்லாம் ஓசி டிக்கெட்டு."

பெண்களுக்கு நகரப் பேருந்துகளில் கட்டணமில்லை என்ற திட்டம் தமிழ்நாட்டில் 2021 மே மாதம் கொண்டுவரப்பட்டது. அதைப் பற்றிய வாதப் பிரதிவாதம் இங்கே விஷயமில்லை. அரை நிமிடத்துக்குள் என்ன நடந்தது என்பதுதான் விஷயம். ஒரு பறவையின் நடத்தை, 'உழைக்காமல் உண்பது' என்ற ஒழுக்கத் தீர்ப்பாக மாறி, அந்தத் தீர்ப்பு காலையிலிருந்து வெயிலில் குனிந்து வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் மீது போய் உட்கார்ந்துகொண்டது. பக்கத்தில் வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்த ஆயா தலையை நிமிர்த்தாமல் ஒன்று சொன்னார்: "காக்காவுக்கா தெரியாது?" அவ்வளவுதான். அவர் மேலே சொன்னதைக் கடைசியில் சொல்கிறேன்.

'ஒட்டுண்ணி' என்ற சொல்லை நாம் எல்லோரும் கூசாமல் பயன்படுத்துகிறோம். மேடையில், துண்டறிக்கையில், இலக்கியச் சண்டையில். இந்தச் சொல் எங்கிருந்து வருகிறது, பறவைகளிடம் உண்மையில் என்னதான் நடக்கிறது, அங்கிருந்து மனிதர்களிடம் அது எப்படித் தாவுகிறது என்று பார்ப்பது இந்தக் குறிப்புகளின் வேலை.

2

முதலில் குயில். ஆண் குயில் பளபளக்கும் கருப்பு, சிவந்த கண். பெண் குயில் பழுப்பு, மேலெல்லாம் வெள்ளைப் புள்ளிகள். கோட்டையைச் சுற்றியுள்ள ஆலிலும் வேம்பிலும் சுருதி ஏற்றி ஏற்றிக் கூவுவது ஆண்தான். பெண்ணுக்கு அந்தக் 'கூஊ' கிடையாது. விட்டு விட்டு 'கிக் கிக்' என்று அதட்டுவது மாதிரி ஒரு குரல். நம் கவிதை மரபும் சினிமாப் பாட்டும் குயிலைப் பெண்ணாக்கிவிட்டன. பாடகிக்கு நாம் தரும் உச்சப் பட்டம் அது. ஒரு ஆணின் குரலைப் பெண்ணின் பேரில் எழுதிவைத்திருக்கிறோம்.

நம் பகுதியில் குயில் முட்டையிடுவது பெரும்பாலும் ஊர்க்காக்கையின் கூட்டில். அண்டங்காக்கையின் கூட்டிலும் இடும். காக்கை கூடு கட்டும் பருவமும் குயிலின் இனப்பெருக்கப் பருவமும் ஏறத்தாழ ஒன்றுதான், சித்திரையிலிருந்து ஆடி ஆவணி வரை. ஆண் குயில் கூட்டின் பக்கம் போய்க் காக்கைகளைச் சீண்டித் துரத்த வைக்க, அந்த இடைவெளியில் பெண் குயில் முட்டையிட்டுப் போவதைப் பலர் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். முட்டை காக்கை முட்டையைவிடச் சிறியது. ஆனால் நீலம் கலந்த பச்சையில் பழுப்புத் திட்டுகளோடு அதன் சாயலில்தான் இருக்கும். குயில் முட்டை 12 முதல் 14 நாளில் பொரிந்துவிடும். காக்கை முட்டைக்கு அதைவிட இரண்டு மூன்று நாளாவது கூட வேண்டும். முந்திப் பிறந்த குஞ்சு முந்தித் தின்கிறது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். நம் குயிலின் குஞ்சு, காக்கைக் குஞ்சுகளைக் கூட்டிலிருந்து தள்ளிக் கொல்வதில்லை. பெரும்பாலும் கூடவே வளர்கிறது. 'தள்ளிக் கொல்லும் குயில் குஞ்சு' என்பது ஐரோப்பியக் குயிலின் கதை. அம்மைத் தடுப்பூசிக்காகப் பின்னால் புகழ்பெற்ற எட்வர்ட் ஜென்னர்தான் அதைப் பார்த்து 1788இல் எழுதினார்: கண் திறக்காத குஞ்சு, முதுகிலுள்ள பள்ளத்தில் மற்ற முட்டைகளை ஏந்தி, பின்பக்கமாக நகர்ந்து விளிம்புக்கு வெளியே தள்ளிவிடுகிறது. பாடப்புத்தகம் வழியாக அந்தக் கதை இங்கு வந்து நம் குயில் மீது ஏறிக்கொண்டது. நம் குயிலுக்கு மிக நெருங்கிய உறவான ஆஸ்திரேலியக் குயிலின் குஞ்சோ, தன்னைவிடச் சிறிய தேன்சிட்டு மாதிரியான பறவைகளின் கூட்டில் பிறந்து அவற்றின் குஞ்சுகளைத் தள்ளிவிடத்தான் செய்கிறது. ஆக, 'குயில் குணம்' என்று பொதுவாக ஒன்று கிடையாது. எந்தக் கூடு, யார் வளர்ப்பவர், எவ்வளவு தீனி வந்து சேரும் என்பதைப் பொறுத்துக் கதை மாறுகிறது.

அப்படியென்றால் காக்கைக்கு நஷ்டமே இல்லையா? உண்டு. முன்னால் பொரிந்த குஞ்சு தீனியில் பங்கு கேட்கிறது; கடைசியில் பொரிந்த காக்கைக் குஞ்சு பட்டினியில் சாகலாம். சில கூடுகளில் ஒன்றுக்கு மேற்பட்ட குயில் முட்டைகள் இருக்கும். உயிரியல் 'ஒட்டுண்ணி' என்று சொல்லும்போது இந்தக் கணக்கைத்தான் சொல்கிறது. வளர்த்தவரின் சொந்த வாரிசு எண்ணிக்கை குறைகிறதா, இட்டவரின் எண்ணிக்கை கூடுகிறதா? அதில் சூது, சோம்பல், நன்றிகெட்டதனம் எதுவும் கிடையாது. அவை நாம் சேர்த்தவை.

3

குயிலோடு இது முடிவதில்லை. கோட்டையின் முட்புதர்களில் கூட்டம் கூட்டமாகக் கத்திக்கொண்டு திரியும் தவிட்டுக்குருவியின் முட்டை பளிச்சென்ற நீலம். அதன் கூட்டில் முட்டையிடும் சுடலைக்குயிலின் முட்டையும் நீலம், அக்காக்குயிலின் முட்டையும் நீலம். வளர்ப்பவர் பார்த்துப் பார்த்து ஒதுக்க, ஒதுக்கப்படாத சாயல் மட்டும் தலைமுறை தலைமுறையாக மிஞ்சி வந்ததன் விளைவு இது. இங்கிலாந்தில் 1980களில் நிக் டேவிஸும் மைக்கேல் புரூக்கும் சாயம் பூசிய போலி முட்டைகளைக் கூடுகளில் வைத்து இதைச் சோதித்தார்கள். நாணல் கதிர்க்குருவி வித்தியாசமான முட்டையைக் கண்டுபிடித்து ஒதுக்கியது. அதே நாட்டில் வேலிகளில் வாழும் இன்னொரு சிறு குருவியோ, கொஞ்சமும் ஒத்துப்போகாத முட்டையையும் ஏற்றுக்கொண்டு அடைகாத்தது. ஆஸ்திரேலியாவின் நீலச்சிட்டுத் தாய், அடைகாக்கும்போதே முட்டைக்குள்ளிருக்கும் குஞ்சுக்கு ஒரு தனிச் சுரத்தைக் கற்பிக்கிறது; பொரிந்தபின் அந்தச் சுரத்தில் கேட்கும் குஞ்சுக்குச் சோறு. இது 2012இல் வெளியான ஆய்வு.

உலகில் தானாகக் கூடே கட்டாமல் பிற இனத்தின் கூட்டை மட்டும் நம்பி வாழும் பறவையினங்கள் சுமார் 100, மொத்தப் பறவையினங்களில் 1 சதவீதம். இந்த வழக்கம் ஒரே மூதாதையிடமிருந்து வந்ததல்ல. குயில் குடும்பத்துக்குள்ளேயே மூன்று முறையும் வெளியே நான்கு முறையுமாக ஏழு தடவை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. மறுபக்கம், குயில் குடும்பத்திலேயே பாதிக்கு மேற்பட்டவை கூடு கட்டித் தாமே குஞ்சை வளர்ப்பவை. வேலியோரம் தத்தித் தத்தி நடக்கும் நம்ம செம்போத்து குயில் குடும்பம்தான். அது யார் கூட்டுக்கும் போவதில்லை. இன்னும் 200க்கு மேற்பட்ட இனங்களில், தன் கூட்டில் அடைகாத்துக்கொண்டே சமயம் கிடைத்தால் தன் இனத்தின் பக்கத்துக் கூட்டில் ஒரு முட்டையை வைத்துவிட்டு வரும் வழக்கம் இருக்கிறது. அங்கே வளர்ப்பவரும் இட்டவரும் ஒருவரேதான். 'ஒட்டுண்ணி' என்பதை ஓர் உயிரின் சுபாவமாக எழுதிவிட முடியாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? அது இரண்டு உயிர்களுக்கு நடுவிலுள்ள ஓர் உறவின் பெயர். ஒரு நேரத்து, ஓர் இடத்து உறவு.

உறவு என்பதால் கணக்கும் மாறும். வட ஸ்பெயினில் காக்கையினம் ஒன்றின் கூட்டில் ஒரு குயில் முட்டையிடுகிறது. அதன் குஞ்சு, தொட்டால் குடலைப் புரட்டும் நாற்றமுள்ள ஒரு திரவத்தைப் பீய்ச்சும். பூனையும் பருந்தும் கிட்டே வராது. வேட்டை மிகுந்த ஆண்டுகளில் குயில் குஞ்சு இருந்த கூடுகளே அதிகம் தப்பின, காக்கைக்கும் அது லாபம் என்று 2014இல் ஓர் ஆய்வு சொன்னது. வேட்டை குறைந்த ஆண்டில் அதே குஞ்சு நஷ்டம். வேறு ஆய்வாளர்கள் தங்கள் பகுதியில் இது பொருந்தவில்லை என்று மறுத்தார்கள். அந்தச் சச்சரவே நமக்குப் பாடம்: ஒரே குஞ்சு ஒரு வருஷம் ஒட்டுண்ணி, மறு வருஷம் காவல்.

அமெரிக்காவின் மாட்டுக்குருவி கதையும் கேட்க வேண்டியது. காட்டெருமை மந்தைகளின் பின்னால் திரிந்த பறவை அது. காட்டை வெட்டி வயலும் மேய்ச்சலும் ஆக்கியதும் பரவியது. மிச்சிகனில் கிர்ட்லாண்ட் கதிர்க்குருவி அழிந்துகொண்டிருந்தபோது, அதன் கூட்டில் முட்டையிடும் மாட்டுக்குருவியே காரணம் என்று 1972 முதல் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் பிடித்துக் கொன்றார்கள். கதிர்க்குருவியின் வீழ்ச்சி நின்றது. ஆனால் எண்ணிக்கை ஏறவில்லை. அந்தக் குருவிக்கு வேண்டியது தீயில் எரிந்து புதிதாக முளைத்த இளம் பைன் காடு. மனிதர்களோ காட்டுத்தீயே வராமல் தடுத்து வந்தார்கள். 1980இல் கைமீறிப் பரவிய ஒரு பெருந்தீக்குப் பிறகு இளங்காடு பெருகியதும்தான் குருவி பெருகியது. மாட்டுக்குருவி செய்த சேதம் நிஜம். ஆனால் திறந்த வாய் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி, மூடிய நிலம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

4

இனி, குயிலை வைத்து நம் பண்பாடு எழுதிவைத்திருக்கும் மூன்று வாசிப்புகள்.

ஒன்று, 'பெண் சூது'. சமஸ்கிருதத்தில் குயிலுக்குப் 'பரப்ருத' என்று ஒரு பெயர், 'பிறரால் வளர்க்கப்பட்டது'. காக்கைக்கு 'பரப்ருத்', 'பிறரை வளர்ப்பது'. உண்மை அந்தக் காலத்திலேயே தெரிந்திருக்கிறது. காளிதாசனின் சாகுந்தலத்தில், ஐந்தாம் அங்கத்தில், கர்ப்பிணியாக வந்து நிற்கும் சகுந்தலையை ஏற்க மறுக்கும் துஷ்யந்தன் இந்தப் பறவையைத்தான் சாட்சிக்கு அழைக்கிறான்: படிக்காமலே சூது தெரிந்தவர்கள் பெண்கள், குயில் தன் குஞ்சைப் பிற பறவையிடம் வளர்க்க விடவில்லையா என்பது அவன் வாதம். இதைச் சொல்பவன் யார்? தன் குழந்தையைத் தன்னுடையதில்லை என்று கைகழுவுபவன். சொல்லப்படுபவள் யார்? பெற்றவள் காட்டில் விட்டுப் போக, பறவைகள் காத்ததால் 'சகுந்தலை' என்று பெயர் பெற்று, இன்னொருவர் வளர்த்த மகள். பிள்ளையை விட்டுப் போகும் ஆண், பிள்ளையைச் சுமந்து வந்த பெண்ணைக் குயில் என்கிறான். மறதிச் சாபத்தைச் சொல்லி நாடகம் அவனைக் காப்பாற்றுகிறது. உவமையை யாரும் திரும்பப் பெறவில்லை.

இரண்டு, 'பிறவிக் குணம்'. காக்கையும் கருப்பு, குயிலும் கருப்பு, வசந்தம் வந்தால் எது எதென்று தெரிந்துவிடும் என்ற பழைய நீதி. எங்கே வளர்ந்தாலும் பிறப்பு தன்னைக் காட்டிக்கொடுக்கும் என்பது இதன் உள்ளுரை. சாதிக்கு இதைவிட வசதியான பறவை கிடைக்காது. வளர்ப்புப் பிள்ளைகளைப் பார்த்து "என்ன இருந்தாலும் குயில் குஞ்சு" என்று சொல்லும் வாயும் இதே வாய்தான். இதற்கு ஆப்பிரிக்காவில் ஒரு பதில் பறவை இருக்கிறது. நீலக்கருப்பு நிறமுள்ள விதுவா குருவிகளும் பிறர் கூட்டில் முட்டையிடுபவை. அவற்றின் ஆண் குஞ்சு, வளர்த்த தகப்பனின் பாட்டைக் கற்று அதைப் பாடுகிறது. ராபர்ட் பெய்னும் கூட்டாளிகளும் 1990களின் கடைசியில் இவற்றைச் சில்லை இனத்தின் கூண்டு வளர்ப்பு வகை ஒன்றிடம் வளரவிட்டுப் பார்த்தார்கள். ஆண்கள் சில்லையின் பாட்டைப் பாடின. அதே வளர்ப்பில் வந்த பெண்கள் அந்தப் பாட்டைத்தான் நாடிப் போயின. முட்டையிட வேண்டியபோதும் சில்லையின் கூட்டையே தேர்ந்தன. வளர்ப்பு மாறினால் காலப்போக்கில் புது இனமே பிரியும் என்று பின்னர் வந்த மரபணு ஆய்வுகளும் காட்டின. குயில் தன் பாட்டைக் காக்கையிடம் கற்பதில்லை, சரி. விதுவா கற்கிறது.

மூன்று, 'உழைக்காமல் உண்பது'. இதில்தான் நாம் எல்லோரும் சிக்கிக்கொண்டிருக்கிறோம். அதற்குச் சொல்லின் வரலாற்றுக்குள் போக வேண்டும்.

போவதற்கு முன் ஓர் எச்சரிக்கை, எனக்கே. 'சாதிக்கு எதிராக விதுவா' என்று நானும் இப்போது இயற்கையைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். துஷ்யந்தன் செய்த வேலைதான் அது. பறவை நம் பக்கம் சாட்சி சொன்னால் ஏற்றுக்கொள்வோம், எதிர்ப்பக்கம் சொன்னால் 'கட்டமைப்பு' என்போம் என்றால் அது நேர்மையில்லை. நாளைக்கே எல்லாப் பறவையும் பிறப்பின்படிதான் பாடும் என்று நிரூபணமானாலும் சாதி நியாயமாகிவிடாது. விதுவா காட்டுவது ஒன்றே ஒன்று: 'இயற்கை இப்படித்தான்' என்று சொல்பவர் இயற்கையிலிருந்து தனக்கு வேண்டிய ஒரு பறவையை மட்டும் பொறுக்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

5

ஆங்கிலத்தில் 'பாரசைட்' என்பதன் மூலம் கிரேக்கம்: 'பாராசிட்டோஸ்', அடுத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து உண்பவர். முதலில் கோயில் தானியத்தில் பங்குள்ள ஒரு மரியாதையான பதவி. பிறகு நகைச்சுவை நாடகங்களில், பணக்காரன் பந்தியில் முகஸ்துதி பாடிச் சாப்பிடும் கோமாளிப் பாத்திரம். பல நூற்றாண்டுகள் கழித்துத்தான் தாவரத்துக்கும் புழுவுக்கும் உயிரியல் இந்தச் சொல்லை எடுத்தது. அதாவது, சொல் பந்தியிலிருந்து இயற்கைக்குப் போனது. பின் இயற்கையின் முத்திரையைக் குத்திக்கொண்டு பந்திக்கே திரும்பி வந்தது. வரும்போது அது வசவாக மட்டும் வரவில்லை, நோய்க்குறியாக வந்தது.

தமிழில் 'ஒட்டுண்ணி'. 'உண்ணி' என்றால் உண்பது. மாட்டின் காதுமடலில் ரத்தம் குடித்துத் தொங்கும் பூச்சியும் உண்ணிதான். செடிக்குப் 'புல்லுருவி'. இவற்றோடு தெருவில் 'ஓசி', 'தண்டச்சோறு'. இதே மொழியில் இன்னொரு சொல்லும் இருக்கிறது, 'விருந்து'. புதிதாக வந்தவர், அவருக்கு இடும் சோறு, இரண்டுக்கும் ஒரே சொல். காக்கை கரைந்தால் விருந்து வரும் என்பது இன்றைக்கும் நம் வீட்டு நம்பிக்கை. சங்கப் புலவர் நச்செள்ளையார் அப்படிக் கரைந்த காக்கையைப் பாடித்தான் 'காக்கைபாடினியார்' ஆனார். அழையாமல் வந்து உண்பவரை விருந்து என்பதா உண்ணி என்பதா? சோற்றில் வேறுபாடு இல்லை. பெயர் வைக்கும் அதிகாரம் யாரிடம் என்பதில்தான் இருக்கிறது.

இலக்கியத்திலும் இந்தச் சண்டை நடந்தது. மூலத்தை உறிஞ்சி வாழும் ஒட்டுண்ணி என்று கட்டுடைப்பு விமர்சனம் தாக்கப்பட்டபோது, ஹில்லிஸ் மில்லர் 1977இல் எழுதிய பதில் கட்டுரைக்கு 'விருந்தளிப்பவராக விமர்சகர்' என்று தலைப்பு வைத்தார். மூலப்பிரதியே முந்தைய பிரதிகளை உண்டு வளர்ந்ததுதான் என்பது அவர் வாதத்தின் சாரம். 1980இல் மிஷேல் செர் 'ஒட்டுண்ணி' என்ற பெயரிலேயே ஒரு நூல் எழுதினார். பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு வானொலி இரைச்சல் என்றும் பொருள். வரி வசூலிப்பவன் வீட்டு மிச்சத்தை நகரத்து எலி தின்கிறது. அதன் விருந்தாளி கிராமத்து எலி. ஆனால் வரி வசூலிப்பவனும் எதையும் விளைவிக்கவில்லையே என்று அவர் தொடங்குகிறார். சங்கிலியில் எந்தக் கண்ணியைப் பிடித்தாலும் அதற்கு முன்னால் ஒரு கண்ணி.

இவை வாசிப்பறைச் சண்டைகள். வெளியே இந்தச் சொல் கொன்றிருக்கிறது. யூதர்களைப் பிற மக்களின் உடலில் வாழும் ஒட்டுண்ணி என்று ஹிட்லர் 1920களில் எழுதினார். நச்சறைகளில் பயன்பட்ட சைக்ளான் பி, பேன் பூச்சிகளைக் கொல்லத் தயாரித்த மருந்து. உவமை அப்படியே செயல்முறையாகிவிட்டது.

இடதுசாரிகளும் இதிலிருந்து தப்பவில்லை. லெனின் 1916இல் எழுதிய ஏகாதிபத்தியம் பற்றிய நூலில் ஒட்டுண்ணித்தனம் குறித்து ஓர் அத்தியாயமே உண்டு. அங்கே அது வட்டி வருமானத்தில் வாழும் ஓர் அமைப்பைக் குறித்தது, கணக்கோடு. ஆனால் 1961இல் சோவியத் ரஷ்யாவில் 'ஒட்டுண்ணிகளுக்கு' எதிராக ஓர் ஆணை வந்தபோது அது ஆட்கள் மீது பாய்ந்தது. 1964இல் லெனின்கிராட் நீதிமன்றம், முறையான வேலை பார்க்காத குற்றத்துக்காகக் கவிஞர் ஜோசப் பிராட்ஸ்கிக்கு ஐந்து ஆண்டு கட்டாய உழைப்போடு நாடுகடத்தல் தண்டனை விதித்தது. கவிதை எழுதுவது வேலைக் கணக்கில் வரவில்லை. சிற்றிதழ் நடத்துபவர்கள் இந்த வழக்கை மறக்காமல் இருப்பது நல்லது. நம் வீட்டிலும் அந்தத் தீர்ப்பு தினம் வாசிக்கப்படுகிறதுதானே.

6

செஞ்சிக்குத் திரும்புவோம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளையும் மதிலால் பிணைத்துக் கட்டிய கோட்டை. கோன்கள் தொடங்கினார்கள், விஜயநகரத்தின் கீழ் நாயக்கர்கள் பெருக்கினார்கள். 1649இல் பீஜப்பூர், 1677இல் சிவாஜி, எட்டாண்டு முற்றுகைக்குப் பின் 1698இல் முகலாயர், 1714இல் தேசிங்கு விழுந்தபின் ஆற்காட்டு நவாப், 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர். கட்டியவர் ஒருவர், குடிவந்தவர் வேறொருவர். இங்கிருந்து போன தூண்கள்தான் புதுச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றன. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் செஞ்சி சேர்ந்தபோது, மகாராஷ்டிரத்தின் 11 கோட்டைகளோடு சேர்த்து 'மராட்டிய ராணுவ நிலவெளிகள்' என்ற தலைப்பில் சேர்ந்தது.

உவமை நாக்கு நுனிக்கு வந்துவிடுகிறது: கோட்டை காக்கைக் கூடு, வந்தவரெல்லாம் குயில். சொல்லிப் பார்த்தால் உடனே உடைகிறது. முதலில், காக்கை யார்? கோன்களும் நாயக்கர்களும் கல் சுமக்கவில்லை. சுமந்தவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் எந்தப் பட்டியலிலும் இல்லை. 'உள்ளூர் அரசன் காக்கை, வெளியூர் அரசன் குயில்' என்று எழுதிய கணத்தில் அந்தக் கல் சுமந்தவர்கள் மறைந்துவிடுகிறார்கள். மிஞ்சுவது 'அந்நியன்' என்ற வெறுப்பு மட்டும். இந்த உவமை அப்படித்தான் வேலை செய்யும். உண்பவர் யார் என்பதிலிருந்து, வந்தவர் யார் என்பதற்குக் கேள்வியை மாற்றிவிடும். 1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளர்களை நாடற்றவர்களாக்கியபோது நடந்ததும் இதுதான்: தேயிலை மலையை உண்டாக்கியவர்களே அங்கே 'வந்தவர்கள்' ஆனார்கள்.

பேருந்து நிலையத்து மரத்துக்கே இந்தச் சங்கிலியைப் போட்டுப் பார்க்கலாம். ஊர்க்காக்கை மனிதக் குடியிருப்பை விட்டு விலகி வாழ்வது அரிது. குஞ்சின் தொண்டையில் இறங்கியது செஞ்சிக் கடைத்தெருவின் மிச்சம். அந்தச் சோறு, ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் நெல். அந்த நெல்லுக்குக் களை எடுத்தவர்கள், 'ஓசி டிக்கெட்' என்று பேர் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிய பெண்கள். மறுபக்கம், வளர்ந்த குயிலின் முக்கிய உணவு பழங்கள். வேம்பு, ஆல், அத்தி என்று தின்று விதையை எங்கெங்கோ போட்டுவிட்டுப் போகும். அந்த வேப்பமரமே ஏதோ ஒரு குயில் போட்ட விதையாக இருக்கலாம். கணக்கை எந்த இடத்தில் வெட்டி நிறுத்துகிறோமோ, அந்த இடத்தில் யாரோ ஒருவர் ஒட்டுண்ணியாகிறார். அந்த இரண்டு பேர், டிக்கெட் கிழிக்கும் இடத்தில் வெட்டினார்கள். கூலி போடும் இடத்தில் வெட்டியிருந்தால்?

இதனால் சுரண்டல் என்று ஒன்றில்லை, எல்லாம் பரஸ்பரம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். காக்கைக்கு நஷ்டம் உண்டு என்று முதலிலேயே சொன்னேன். குத்தகைக்கு விடுபவர், கந்துவட்டிக்காரர், தரகர் எல்லாரும் நிஜம். ஆனால் 'வட்டி' என்று சொன்னால் விகிதம் கேட்கலாம், கணக்குப் போடலாம், சட்டம் கேட்கலாம், கூட்டம் போட்டுத் தடுக்கலாம். 'ஒட்டுண்ணி' என்று சொன்னால் மருந்தடிக்கத்தான் தோன்றும். முதல் சொல் ஓர் உறவை மாற்றச் சொல்கிறது. இரண்டாவது ஓர் உடம்பை அகற்றச் சொல்கிறது.

7

பஸ் போனபிறகு ஆயாவிடம் கேட்டேன். "ஏன் ஆயா, காக்காவுக்குத் தெரியும்னா அப்புறம் ஏன் ஊட்டுது?"

"தெரியாமயா இருக்கும் தம்பி? கருப்பா இல்ல, புள்ளி புள்ளியா கீது. கத்துறதும் வேற. வாயப் பொளந்துகினு நிக்குது, ஊட்டாம இன்னா செய்யும்? தள்ளி உட்டுட்டு, அது தன்னோட குஞ்சா இருந்துச்சுன்னா?"

பறவையியலாளர்கள் பல பத்தாண்டுகளாக வாதாடும் இடம் இதுதான். ஏற்றுக்கொள்ளும் பறவை முட்டாள் என்பது ஒரு காலத்து விளக்கம். ஒதுக்கக் கற்கும் அளவுக்கு இன்னும் காலம் ஆகவில்லை என்பது இன்னொன்று. தவறாக ஒதுக்கினால் சொந்தக் குஞ்சே போய்விடும், அந்த நஷ்டத்தைவிட ஏற்றுக்கொள்வது மேல் என்பது மூன்றாவது. தன் முட்டை அகற்றப்பட்ட கதிர்க்குருவிக் கூட்டை மாட்டுக்குருவி திரும்பி வந்து நாசம் செய்கிறது, எனவே சில இடங்களில் ஏற்பது பயத்தினாலும் இருக்கலாம் என்று 2007இல் அமெரிக்காவில் காட்டினார்கள். ஆயா மூன்றாவது கட்சி. காக்கைக்குத் 'தெரியும்' என்பதை மட்டும் நான் அறிவியலாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஏற்பவரை ஏமாளி என்று சொல்ல அவர் மறுத்ததை எடுத்துக்கொள்கிறேன்.

அவருடைய மகளும் மருமகனும் பெங்களூரில் கட்டட வேலை. பேரப்பிள்ளைகள் இரண்டும் இவரிடம். கடலை விற்ற காசிலும் ரேஷன் அரிசியிலும் வளர்கின்றன. பெங்களூரில் எழும்புகிற அந்த மாடிகளின் செலவுக் கணக்கில், செஞ்சியில் இந்தப் பிள்ளைகளுக்கு ஆகும் சோற்றுச் செலவு வராது. பிள்ளைகளை இன்னொருவர் வளர்ப்பதால்தான் அந்தக் கூலிக்கு ஆள் கிடைக்கிறது. இதில் யார் கூட்டில் யார் முட்டை? ஊரில் ஒருவர் அந்த மகளைத்தான் "பெத்துப் போட்டுட்டுப் போன குயிலு" என்றாராம். "எம் பொண்ணு மாசாமாசம் அனுப்புறா, அவருக்கு இன்னா தெரியும்" என்றார் ஆயா, கடலையை அளந்துகொண்டே.

அடுத்த தடவை இந்தச் சொல் நம் வாயில் வரும்போது, மேடையோ தேநீர்க் கடையோ, மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளலாம். கணக்கை எங்கே தொடங்கி எங்கே நிறுத்தினோம்? சொல்லும் நாம் அந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி? அந்த உறவுக்கு வட்டி, வாரம், கூலி, குத்தகை என்று பழைய பெயர் ஒன்று ஏற்கெனவே இருக்கிறதா? இருந்தால் அந்தப் பெயரையே சொல்வோம். குயிலை அதன் பாட்டில் விடுவோம்.